நான் ஒன்றும் போடவில்லையே, டீச்சர்!



ஆங்கிலத்தில் ‘புல்லியிங்’ என்றும் மலாயில் ‘பூலி’ என்றும் சொல்லப்படுவதற்கு நம் நாட்டுத் தமிழ் நாளேடுகள் ‘பகடிவதை’ என்ற சொல்லைப் புழங்கி வருகின்றன. என்னைக் கேட்டால், அஃது அருமையான சொல். பகடி என்பது கேலி. வதை என்பது துன்புறுத்தல். கேலியில் தொடங்கி வதையில் முடியும் கொடுமையை அந்த ஒரே சொல் நமக்கு உணர்த்திவிடுகிறது. ஆனால், பகடிவதை என்றவுடன் நம் மனக்கண்ணில் இருவர் மட்டுமே தோன்றுகின்றனர். ஒருவர் வதைப்பவர், மற்றொருவர் வதைபடுபவர். மூன்றாமவர் ஒருவர் உண்டு. சுற்றி நின்று பார்ப்பவர்! அவரை நாம் கணக்கில் கொள்வதே இல்லை.

இக்கட்டுரை அந்த மூன்றாமவரைப் பற்றியது. இணையப் பகடிவதை நம் பதின்ம வயதுப் பிள்ளைகளை உருக்குலைப்பதற்கு, வசை எழுதும் நாலு விரல்களைக் காட்டிலும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகரும் நானூறு விரல்களே பெருங்காரணம் என்பது என் கருத்து. அந்த விரல்களைப் பழக்க வேண்டிய இடம் இடைநிலைப்பள்ளி அன்று. நம் தொடக்கத் தமிழ்ப்பள்ளி. இதைச் சொன்னால் சக ஆசிரியர் சிலருக்கே கோபம் வருகிறது. வரட்டும்! காரணங்களைச் சொல்கிறேன், படித்துவிட்டுப் பிறகு கோபப்படலாம்.

மூன்று நிகழ்வுகள்

2019ஆம் ஆண்டு மே மாதம். சரவாக் மாநிலத்தின் கூச்சிங் வட்டாரத்தில் 16 வயதுச் சிறுமி ஒருத்தி, தான் வாழ்வதா சாவதா என்று இன்ஸ்டகிராமில் வாக்கெடுப்பு வைத்தாள். பின்னர் உயிரை மாய்த்துக்கொண்டாள். வாக்களித்தவர்களில் 69 விழுக்காட்டினர் ‘சாவு’ என்பதைத் தேர்ந்தெடுத்ததாகக் காவல்துறை தெரிவித்தது. 24 மணி நேர முடிவில் 88 விழுக்காட்டினர் ‘வாழ்வு’ என்று வாக்களித்திருந்ததாக இன்ஸ்டகிராம் நிறுவனம் பிறகு கூறியது. இறப்புச் செய்தி பரவிய பின்னர் அந்தக் கணக்கு மாறியிருக்கலாம். எப்படியாயினும், ‘வாழ்’ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அங்கே அவளை யாரும் வசைபாடியதாகத் தெரியவில்லை. ஆனால், ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

2020ஆம் ஆண்டு மே மாதம். பினாங்கில் 20 வயது இந்திய இளம்பெண் ஒருவர், உடன் பணிபுரிந்தவரோடு விளையாட்டாக எடுத்த டிக்டாக் காணொளியை யாரோ முகநூலில் ஏற்றிப் பரப்பினர். அதன் கீழே இழிசொற்கள் குவிந்தன. அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம். ‘ஏஷா’ என்று சமூக ஊடகத்தில் அறியப்பட்ட பெண்மணி, டிக்டாக்கில் தமக்கு மிரட்டலும் ஆபாச வசையும் வருவதாகக் காவல்துறையில் புகார் செய்திருந்தார். அதற்கடுத்து அவர் இறந்த செய்திதான் வந்தது. அவ்வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, 1955ஆம் ஆண்டுச் சிறுகுற்றச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட்! அச்சட்டம் இடங்கொடுத்த உச்ச அபராதமே அவ்வளவுதான். நாடே கொதித்தது.

எந்தத் தற்கொலைக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் சொல்வர். அதை நான் மறுக்கவில்லை. பின்னிரு நிகழ்வுகளிலும் உயிர்நீத்தவர்கள் பதின்ம வயதைக் கடந்தவர்கள் என்பதையும் அறிவேன். பின் ஏன் அவற்றை இங்குச் சொல்கிறேன்? பகிர்ந்தவர்களும் பார்த்தவர்களும் நம் மக்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே நம் பதின்ம வயதுப் பிள்ளைகளும் அதே டிக்டாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் எப்படிக் கேலி செய்கிறார்கள், அதற்கு எத்தனை ‘லைக்’ விழுகிறது என்று பாடம் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

பகடி வேறு, பகடிவதை வேறு

“எங்கள் காலத்திலும் கேலி இருந்தது, நாங்கள் செத்தா போனோம்?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமை.

நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஒல்வியஸ் பகடிவதை ஆய்வின் முன்னோடி. பகடிவதைக்கு அவர் மூன்று அடையாளங்களைக் கூறினார். துன்புறுத்தும் நோக்கம், அது திரும்பத் திரும்ப நிகழ்தல், வதைப்பவருக்கும் வதைபடுபவருக்கும் இடையே வலிமை ஏற்றத்தாழ்வு இருத்தல். நண்பர்கள் ஒருவரையொருவர் சமமாகக் கிண்டல் செய்துகொள்வது பகடி. இம்மூன்றும் சேர்ந்தால்தான் பகடிவதை.

இப்பொழுது இம்மூன்றையும் இணையத்தில் வைத்துப் பாருங்கள்.

‘திரும்பத் திரும்ப’ என்பதற்கு வதைப்பவன் நூறு தடவை உழைக்க வேண்டியதில்லை. ஒரு தடவை படத்தை ஏற்றினால் போதும். பகிர்பவர்கள் அதை நூறு தடவையாக ஆக்கிவிடுவார்கள். ‘வலிமை’க்கு உடற்கட்டு தேவையில்லை, கூட்டம் இருந்தால் போதும். ஒரு பக்கம் ஒரு பிள்ளை, மறுபக்கம் முந்நூறு சிரிப்புக் குறிகள். இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு வேறென்ன இருக்கிறது? ‘நோக்கம்’ என்பதோ ஆயிரம் பேரிடையே கரைந்து போய்விடுகிறது. யாரைக் கேட்டாலும் “சும்மாதான் பகிர்ந்தேன்” என்பார்கள்.

ஆகவே, இணையத்தில் பகடியை வதையாக மாற்றுபவர்கள் பார்வையாளர்களே. தொடங்குபவன் ஒருவனாக இருக்கலாம். அவனுக்கு வலிமை தருவதும் அவன் செயலைத் திரும்பத் திரும்ப நிகழச் செய்வதும் அந்த மூன்றாமவர்தாம்.

அன்று பள்ளி மணி அடித்தால் கேலி நின்றுவிடும். வீட்டுக்கு வந்து அம்மா போட்ட தேநீரைக் குடித்தால் பாதி மறந்துவிடும். இன்றோ அந்தக் கேலி பிள்ளையோடு பேருந்தில் ஏறி, வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, இரவு தலையணைக்குக் கீழும் படுத்துக்கொள்கிறது. அழித்தாலும் எவருடைய கைப்பேசியிலோ அது இருக்கிறது. என்று வேண்டுமானாலும் மறுபடி வரும்.

பதின்ம வயதை ஏன் குறிப்பாகச் சொல்ல வேண்டும்? ‘நான் யார்?’ என்ற கேள்விக்குப் பிள்ளை பெற்றோர் முகத்தில் விடை தேடுவதைக் குறைத்துக்கொண்டு, தன் வயதொத்தவர் முகத்தில் தேடத் தொடங்கும் பருவம் அது. ‘அவர்கள் என்னை ஏற்கிறார்களா?’ என்பதே அவ்வயதில் உயிர்க்கேள்வி. அக்கேள்விக்கு ஒரு கூட்டமே ‘இல்லை’ என்று எழுத்தில் விடை கொடுத்தால் அந்தப் பிள்ளை என்னாகும்? தூக்கம் கெடும், காலையில் காரணமற்ற வயிற்றுவலி, தலைவலி வரும், பள்ளிக்குப் போக மனம் வராது, புள்ளிகள் இறங்கும், கலகலப்பாக இருந்தவர் அறைக்குள் முடங்குவார், சிலர் தம் உடலையே காயப்படுத்திக்கொள்வர். யூனிசெப் நிறுவனம் 30 நாடுகளில் 13 முதல் 24 வயது வரையிலான இளையோரிடம் நடத்திய கருத்துக்கேட்பின் முடிவை 2019 செப்டம்பரில் வெளியிட்டது. மூவரில் ஒருவர் இணையப் பகடிவதைக்கு ஆளானதாகவும், ஐவரில் ஒருவர் அதன் காரணமாகப் பள்ளிக்கு மட்டம் போட்டதாகவும் கூறினர். முப்பது பேர் கொண்ட வகுப்பென்றால் பத்துப் பிள்ளைகள்! எண்ணிப் பாருங்கள்.

ஒரு வகுப்பு, ஒரு புலனக் குழு

சில ஆண்டுகளுக்கு முன்பு என் ஆறாம் ஆண்டு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.

மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு, வைத்திருந்தார்கள். பெரியவர் எவரும் அதில் இல்லை. கல்விச் சுற்றுலாவில் ஒரு மாணவி வாய் நிறைய உணவோடு இருந்தபோது யாரோ எடுத்த படம், ஒரு சனிக்கிழமை இரவு ஸ்டிக்கராக மாறியது. அவள் நிறத்தைப் பற்றி ஒரு வரி அதில் எழுதப்பட்டிருந்தது. செய்தவர்கள் இருவர். அவர்களோடு சேர்ந்து மேலும் எழுதியவர்கள் நால்வர். சிரிப்புக் குறி போட்டவர்கள் பதினொருவர். மற்றவர்கள் எதுவும் போடவில்லை.

அடுத்த வாரத்தில் மூன்று நாள் அம்மாணவி பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுவலி என்றார்கள். நான்காம் நாள் அவளுடைய தாயார் கைப்பேசியோடு பள்ளிக்கு வந்தார்.

நான் அந்தக் குழுவில் இருந்த பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்துப் பேசினேன். செய்த இருவரும் சற்று நேரத்தில் அழுதுவிட்டார்கள். செய்தது தவறென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வியப்பளித்தவர்கள் மற்றவர்கள்தாம். அவர்களில் ஒருவர் முகத்திலும் குற்றவுணர்ச்சி இல்லை. ஒருவர் விடாமல் எல்லாரும் ஒரே விடையைச் சொன்னார்கள்.

“நான் ஒண்ணும் போடலையே, டீச்சர்!”

சிரிப்புக் குறி போட்டவனும் அதையே சொன்னான். “எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஒரு சிரிப்பு போட்டேன். அவ்வளவுதான் டீச்சர்.”

அந்த மாணவியிடம் பேசியபோது, ஸ்டிக்கரைப் பற்றி அவள் அதிகம் சொல்லவில்லை. “அவங்க ரெண்டு பேரும் எப்பவும் அப்படித்தான், டீச்சர்” என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “‘ப்ளீஸ், அழிச்சிடுங்க’ன்னு குரூப்ல எழுதினேன். கொஞ்ச நேரத்துல ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு.”

புலனக் குழுவில் ஒரு செய்தியின் இரு குறிகளும் நீலமானால், குழுவிலுள்ள அனைவரும் அதைப் படித்துவிட்டனர் என்று பொருள். அவள் பக்கத்தில் அமரும் தோழியும் படித்திருக்கிறாள். ஒருவரும் விடை எழுதவில்லை.

அன்பர்களே, அந்தப் பிள்ளையை வதைத்தது எது? ஸ்டிக்கரா? அந்த இரண்டு நீலக் குறிகளா? நான் நீலக் குறிகள் என்பேன்.

ஆய்வுகள் சொல்வது

இஃது என் வகுப்பில் மட்டும் நடந்ததன்று. பின்லாந்து நாட்டு உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பகடிவதை நிகழும்போது வகுப்பிலுள்ள மற்ற மாணவர்கள் வகிக்கும் பங்குகளை வகைப்படுத்தினர். துணை போவோர், சிரித்து ஊக்கமளிப்போர், ஒதுங்கி நிற்போர், காப்பாற்ற முனைவோர் என அவர்கள் பலவகைப்படுவர். அவ்வாய்வின் அடிப்படையில் உருவான ‘கிவா’ எனும் திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தின் உயிர்நாடி, பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் நடத்தையை மாற்றுவதே.

கனடாவின் டொரோண்டோ நகரில் தொடக்கப்பள்ளி விளையாட்டுத் திடல்களைக் காணொளியாகப் பதிவு செய்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. பகடிவதை நிகழ்ந்த தருணங்களில் 88 விழுக்காட்டில் சக மாணவர்கள் உடனிருந்தனர். 19 விழுக்காட்டில் மட்டுமே அவர்கள் தலையிட்டனர். ஆனால், தலையிட்டபோது என்ன நடந்தது தெரியுமா? பாதிக்கும் மேற்பட்ட தலையீடுகளில், அதாவது 57 விழுக்காட்டில், பத்தே நொடிக்குள் பகடிவதை நின்றுபோனது.

பத்து நொடி! ஆசிரியர் அறையிலிருந்து நான் எழுந்து வருவதற்குள் முடிந்துவிடும் நேரம். நம்மால் முடியாததை ஒரு பத்து வயதுப் பிள்ளையால் செய்ய முடிகிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோமா?

நான்கு வாதங்களும் என் மறுமொழியும்

முதல் வாதம்: “சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, பெரிதுபடுத்தாதீர்கள்.”

விளையாட்டு என்றால் விளையாடும் அனைவருக்கும் அதில் மகிழ்ச்சி இருக்க வேண்டும். ஒருவர் அழ, மற்றவர் சிரித்தால் அதற்கு விளையாட்டென்று பெயரில்லை. நம் பள்ளிகளில் தகப்பனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்வது, நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது, உடற்பருமனைச் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் எவ்வளவு இயல்பாகிவிட்டன! சில வேளைகளில் பட்டப்பெயரைக் கேட்டுப் பெரியவர்களும் சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பே பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் ‘லைக்’.

இரண்டாம் வாதம்: “கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.”

பெற்றோர் பலர் இதைத்தான் உடனே செய்கிறார்கள். வதைபட்ட பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்குகிறார்கள்! அடி வாங்கியவனுக்கே தண்டனையா? தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதும் தெரியாமல், நல்ல நண்பர்களோடு பேசும் வழியும் அடைபட்டு, அப்பிள்ளை மேலும் தனிமைப்படுகிறது. மறுமுறை ஏதேனும் நடந்தால் வாய் திறக்குமா? திறக்காது. பதின்ம வயதினர் பெற்றோரிடம் சொல்லாமல் மறைப்பதற்குக் கைப்பேசி பறிபோகும் என்ற அச்சம் ஒரு முக்கியக் காரணம்.

நம் அரசாங்கம் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் அத்தகைய தடை 2025 டிசம்பர் 10ஆம் நாள் நடப்புக்கு வந்தது. நல்ல நோக்கம், நான் எதிர்க்கவில்லை. ஆனால், ஆஸ்திரேலியத் தடையில் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்புப் புலனக் குழு அப்படியேதான் இருக்கும். தவிர, 16 வயதில் கதவு திறக்கும்போது உள்ளே நுழையும் பிள்ளை, பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தோடுதானே நுழையும்?

மூன்றாம் வாதம்: “இஃது இடைநிலைப்பள்ளிச் சிக்கல். தமிழ்ப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?”

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்க வேண்டியதாயிற்று. பாடம் புலனத்தில் வந்தது. வீட்டுப்பாடமும் புலனத்தில் போனது. எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கைகளில் திறன்பேசி வந்தது அப்பொழுதுதான். பள்ளிகள் திறந்தன, கைப்பேசி கையைவிட்டுப் போகவில்லை. புலனம், டிக்டாக், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றுக்கும் அப்பொழுது நம் நாட்டில் அந்நிறுவனங்களே விதித்திருந்த குறைந்தபட்ச வயது 13. அவ்வயதை எட்டாத எத்தனைப் பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்று எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற விதி இருக்கிறது. அதனால் சிக்கல் பள்ளியில் நிகழவில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு நிகழ்வது, மறுநாள் காலை ஏழரை மணிக்குச் சபைகூடலில் வந்து வரிசையில் நிற்கிறது. நாம்தான் அதைக் காண்பதில்லை.

மேலும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை படிவம் ஒன்றுக்கோ புகுமுக வகுப்புக்கோ போகும்போது சூழல் முற்றிலும் மாறுகிறது. புதிய பள்ளி, புதிய மொழிச்சூழல், அறியாத முகங்கள். ஆறாண்டுக் காலம் கூடப் படித்த நாலைந்து தோழர்களே அங்கு அவனுக்குத் துணை. அந்த நாலைந்து பேரும் “நான் ஒன்றும் போடவில்லையே” என்று ஒதுங்கக் கற்றவர்கள் என்றால், அவனுக்கு அங்கு யாருமே இல்லை.

நான்காம் வாதம்: “சட்டம் வந்துவிட்டது, இனிச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.”

சட்டம் வந்தது உண்மைதான். 100 ரிங்கிட் அபராதம் எழுப்பிய கொதிப்புக்குப் பின்னர், 2024 டிசம்பரில் தண்டனைச் சட்டத் தொகுப்புக்கான திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. 2025 ஜூலை 11 முதல் நடப்பிலிருக்கிறது. மிரட்டியும் இழிவுபடுத்தியும் ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டினால் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இப்பொழுது வழியுண்டு. வரவேற்கிறேன்.

பெற்றோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நம் தண்டனைச் சட்டத்தின்படி பத்து வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல்தான் குற்றமாகக் கொள்ளப்படாது. பத்து முதல் பன்னிரண்டு வயது வரை, தன் செயலின் தன்மையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பது ஆராயப்படும். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

ஆயினும், சட்டத்தால் எழுதியவரைப் பிடிக்க முடியும். சிரித்தவரைப் பிடிக்க முடியாது. நீலக் குறிக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. இருக்கவும் கூடாது. அது வளர்ப்பின் வேலை, கல்வியின் வேலை.

தமிழால் நிகழும் வதை

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நம் பிள்ளைகள் பயன்படுத்தும் வசைமொழி பெரும்பாலும் தமிழ். அதுவும் உரோமன் எழுத்தில், இடையிடையே மலாயும் ஆங்கிலமும் கலந்த தமிழ். நிறத்தைப் பழிக்கும் ஒரு சொல், சாதியைச் சுட்டும் ஒரு சொல், தாயை இழிக்கும் ஒரு சொல். இவற்றின் கூர்மை நமக்குத்தான் தெரியும். பிற இனத்து ஆசிரியரின் கண்ணுக்கு அவை வெறும் எழுத்துகள். எந்தச் சொல் எந்த வீட்டில் எப்படிக் குத்தும் என்பதை அறிந்தவர்கள் நாமே என்றால், அதைத் தடுக்கும் கடமையும் நமக்கே உரியது.

திருக்குறளில் ‘இனியவை கூறல்’, ‘புறங்கூறாமை’, ‘பயனில சொல்லாமை’ என்று நாவைப் பற்றியே தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. நம் பிள்ளைகள் குறளைச் செய்யுள்மொழியணியில் மனனம் செய்கிறார்கள். பொருளை எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். திருக்குறள் மனனப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளை, அன்றிரவே புலனக் குழுவில் நண்பனின் தாயை இழித்து எழுதினால் நாம் கற்பித்தது என்ன? யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வுக்காக ஓடிய ஓட்டத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்வதற்கும் இனி இடமில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். குடும்பப் புலனக் குழுவில் யாரோ ஒரு பெண்ணின் காணொளியைப் பகிர்ந்து, “இதைப் பாருங்கள், எப்படி ஆடுகிறது!” என்று எழுதும் மாமாவும் அத்தையும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறது. அதற்கு வேறு பாடநூல் வேண்டுமா?

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு நகர்வது ஆசிரியருக்கு அழகன்று. என் வகுப்பில் நான் கடைப்பிடித்து வருபவற்றை முன்வைக்கிறேன்.

1. பார்க்கும் பிள்ளைக்கு மூன்று செயல்களைக் கற்பிக்கிறேன். ஒன்று, சிரிப்புக் குறி போடாதே, பகிராதே. இரண்டு, வதைபடும் தோழனுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பு: “நான் உன் பக்கம் இருக்கிறேன்.” மூன்று, நம்பும் பெரியவர் ஒருவரிடம் அன்றே காட்டு. குழுவில் எதிர்த்து எழுதும் துணிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது. அதை நான் வற்புறுத்துவதில்லை. தனியாக ஒரு வரி அனுப்ப யாராலும் முடியும். மேலே சொன்ன வகுப்பில் மூன்று பிள்ளைகள் பின்னர் அப்படி எழுதினார்கள். அதற்குப் பிறகே அம்மாணவி முன்போல் பள்ளிக்கு வரத் தொடங்கினாள்.

2. நன்னெறிக் கல்வியிலும் தமிழ்மொழிப் பாடத்திலும் இதைப் பேசலாம். ‘நீ அந்தக் குழுவில் இருந்தால் என்ன எழுதுவாய்?’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் எழுதுவதைப் படித்தால் நமக்குத் தெரியாத பலவும் தெரியவரும்.

3. காட்டிக்கொடுத்தல் வேறு, உதவி கேட்டல் வேறு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது காட்டிக்கொடுத்தல். ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பிள்ளைகள் தயங்காமல் வருகிறார்கள்.

4. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டடம், நிதி, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றோடு இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். “சொன்னால் கைப்பேசியைப் பிடுங்க மாட்டேன்” என்று ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

5. வதை நிகழ்ந்துவிட்டால் எதையும் அழிக்காமல், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாள், நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பள்ளிக்குத் தெரிவியுங்கள். மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் காவல்துறையிலும், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திலும் புகார் செய்யுங்கள். அந்தச் செயலியிலும் புகார் செய்யும் வசதி உண்டு.

6. பிள்ளை வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டாமல், அறிவுரை சொல்லாமல், முதலில் கேளுங்கள். பிறகு உதவி நாடுங்கள். கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929. தாலியான் காசே 15999. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி 15555. இவ்வெண்களை வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் எழுதி ஒட்டி வையுங்கள்.

நிறைவாக, சக ஆசிரியப் பெருமக்களே, ஆண்டுதோறும் நாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பிரியாவிடை விருந்து வைத்து, படம் எடுத்து, கண்கலங்கி இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பி வைக்கிறோம். அவர்களில் சிலர் அங்கே வதைபடுவார்கள். சிலர் வதைக்கவும் கூடும். மிகப் பலர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாம் எழுதச் சொல்லிக்கொடுத்த அதே கைகள்தாம் அங்கே கைப்பேசியைப் பிடித்திருக்கப் போகின்றன. “நான் உன் பக்கம் இருக்கிறேன்” என்பது நான்கே சொற்கள். அதை எழுதத் தெரிந்த பிள்ளைகளாக அவர்களை அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை